ஸ்பேனர் பாஷை

தார்ப்பாயை அவள் ஒரே இழுப்பில் உருவினாள். வருஷக்கணக்கான தூசி கிளம்பி, வண்டி வாங்க வந்த சோபாக்காரரின் வெள்ளைச் சட்டை மேல் இறங்கியது. அவர் அடுக்கடுக்காகத் தும்மினார். அதில் அவளுக்குக் கொஞ்சம் திருப்தி.

"இதுதானா?" என்றார் மூக்கைத் துடைத்துக்கொண்டே.

"இதேதான். முன்னாடி கார், பின்னாடி லாரி. ரெண்டுங்கெட்டான்."

முன்பாதி நல்ல குடும்பத்துக் கார்தான். உருண்டை விளக்குகள், பளபளக்கிற பட்டைகள், இரண்டு பேர் உட்கார ஒரு நீள சீட். கதவுக்குப் பின்னால் கூரை சட்டென்று நின்றுபோய், மூட்டை ஏற்றுகிற திறந்த தொட்டி தொடங்கிவிடும். கம்பெனிக்காரனே அப்படித்தான் செய்து விற்றிருக்கிறான். அப்பா முன்பாதிக்குக் கருநீலம் அடித்து மெருகேற்றியிருந்தார். பின்பாதி இன்னும் பிரைமரின் சாம்பல் நிறத்தில், அடித்தகடு துருவோடு நின்றது. எதை ஆரம்பித்தாலும் பாதியில் விடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

சோபாக்காரர் வண்டியைச் சுற்றி வந்தார். நகரத்தில் பெரிய சோபாக் கடை அவருடையது. குனிந்து பார்க்கிற மாதிரி குனிந்தார். கதவைத் திறந்து மூடினார். டயரை உதைத்தார். வண்டி வாங்க வருகிறவன் டயரை ஏன் உதைக்கிறான் என்று அவளுக்கு இதுவரை விளங்கியதில்லை.

"கலர் ஒரிஜினல் இல்ல போலருக்கே."

ஷெட்டின் சுவருக்கு அப்பாலிருந்து ணங் ணங் என்று இரண்டு தட்டு கேட்டது.

"என்ன சத்தம் அது?"

"எங்கப்பா. இல்லைங்கறாரு. ஒரிஜினல் கலர்தானாம்."

ஷெட்டை ஒட்டிய அறையில், ஜன்னலோரம் இரும்புக் கட்டிலில் அப்பா படுத்திருந்தார். இரண்டாவது முறை பக்கவாதம் வந்ததில் பேச்சு போய்விட்டது. வலது கை மட்டும் கொஞ்சம் அசையும். அந்தக் கையில் ஒரு ஸ்பூன். அதை வைத்துக் கட்டில் கம்பியில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் ஆமாம், அல்லது வருகிறேன். இரண்டு என்றால் இல்லை. மூன்று என்றால் இங்கே வா. புதிதாகக் கற்றுக்கொள்ள அவளுக்கு எதுவும் இருக்கவில்லை. வாய் நன்றாக இருந்த காலத்திலேயே அவர் பெண்டாட்டி பிள்ளையோடு பேசினது இப்படித்தான். பம்ப் ஹவுஸ் வேலை முடிந்து வந்தால் நேரே வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். சாப்பிட வாங்க என்றால் சேசிஸில் ஸ்பேனரால் ஒரு தட்டு. டார்ச் பிடிக்க ஆள் வேண்டுமென்றால் மூன்று தட்டு. மகள் பத்தாவதில் பள்ளிக்கே முதலாவதாக வந்ததைச் சொன்னபோதும் ஒரு தட்டுதான் தட்டினார்.

டாக்டர் இன்றைக்கோ நாளைக்கோ என்று சொல்லிவிட்டார். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிற அவளுக்கு அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் இந்த அவசரம். அவருக்குக் காது கேட்கும்போதே வண்டி கேட்டைத் தாண்ட வேண்டும். போகிற சத்தத்தை அவர் கேட்க வேண்டும். செத்த பிறகு விற்று என்ன பிரயோஜனம்?

"எஞ்சின் மாத்தியிருக்காருன்னு சொன்னாங்க."

"மாத்தியிருக்காரு. வேற பெரிய வண்டியோடது. உள்ள அடங்கலன்னு பானெட்ல ஓட்டை போட்டுட்டாரு. பிரேக் மட்டும் பழசு. பாய்றதுக்கு எல்லாம் இருக்கு, நிக்கிறதுக்குத்தான் ஒண்ணும் இல்ல."

சோபாக்காரர் பெரிதாகச் சிரித்தார். "எனக்கு ஓட்ட வேணாம் மேடம். கடை வாசல்ல நிறுத்தப் போறேன். பின்னாடி தொட்டியில ஒரு சோபா. ஜனங்க உக்காந்து போட்டோ எடுப்பாங்க. எஞ்சினைக் கழட்டி வித்துடுவேன்."

ணங் ணங். பிறகு மறுபடியும், இன்னும் வேகமாக, ணங் ணங்.

உயிர் தொண்டைக்குழியில் நிற்கிறது, அப்போதும் எஞ்சினுக்காக வாதாடுகிறார். அம்மாவுக்காக ஒரு நாள் இந்த வேகம் வந்ததா?

வருஷங்களுக்கு முன்னால் ஒரு நாள் அம்மா சமையலறையிலிருந்து, "என்னங்க, நெஞ்ச என்னமோ பண்ணுது, கொஞ்சம் வாங்களேன்" என்று கூப்பிட்டாள். வண்டிக்கு அடியிலிருந்து ஒரு தட்டு வந்தது. பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்த இவளுக்கு இரண்டும் கேட்டன. அதுதான் வருகிறாரே என்று இவள் புத்தகத்தைத் திருப்பினாள். அப்பா பொறுமையாகக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது அம்மா கேஸ் சிலிண்டரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அந்த மனுஷர் ஒரே வார்த்தையைச் சொன்னார்: "நான் தட்டினேனே." என்னவோ அதுவே பெரிய வைத்தியம் போல.

"கழட்டி விக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ சத்தம் கேட்டுடலாம்" என்றார் சோபாக்காரர். "ஸ்டார்ட் ஆகுமா?"

"ஆகும். காலையில தார்ப்பாய முன்னாடி மட்டும் தூக்கி புது பேட்டரி மாட்டியிருக்கேன். நீங்க ஏறி உக்காருங்க. நான் சொல்றப்ப சாவியத் திருப்புங்க."

அவர் முக்கிக்கொண்டு ஏறினார். அவள் பானெட்டைத் தூக்கி நிறுத்தி, பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டாள். ஸ்டார்ட்டர் மோட்டார் மேல் ஒரு அடி கொடுத்தால்தான் இந்தச் சனியன் எழுந்திருக்கும்.

அப்போது மூன்று தட்டு கேட்டது. மெதுவாக, இடைவெளி விட்டு.

ஹால் கதவருகே போனும் கையுமாக அத்தை எட்டிப் பார்த்தாள். அப்பாவின் தங்கை. காலையிலிருந்து ஊர் உறவு முழுவதற்கும் அண்ணன் போகப்போகிற செய்தியை முன்கூட்டியே வாசித்துக்கொண்டிருந்தாள். சிலரிடம் அழவும் செய்தாள்.

"ஏய், அப்பா தட்டுறாருடி. எனக்கு அந்தத் தந்தி பாஷையெல்லாம் தெரியாது. நீ என்னன்னு போய்ப் பாரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் போனைக் காதில் வைத்தாள். "இல்லக்கா, இருக்காரு, இன்னும் இருக்காரு…"

மறுபடியும் மூன்று தட்டு.

எஞ்சினைக் கழற்றாதே என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார், வேறென்ன? அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. கையிலிருந்த ஸ்பேனரால் மட்கார்டில் ஒரு தட்டு தட்டினாள்.

"திருப்புங்க சார்."

எஞ்சின் இருமி, உறுமி, பிடித்துக்கொண்டது. தகரக் கூரை அதிர்ந்தது. ஆணியில் மாட்டியிருந்த பெல்ட்டுகள் ஆடின. அப்பா எதை ஒழுங்காகச் செய்தாரோ இல்லையோ, இதைச் செய்திருக்கிறார் என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒத்துக்கொண்டதற்காக அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. சோபாக்காரர் வாயெல்லாம் பல்லாக ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். விட்டார். திரும்பவும் மிதித்தார். போதும் என்று அவள் கையைக் காட்ட எடுத்து, பிறகு வேண்டாமென்று விட்டாள். கேட்கட்டும். நன்றாகக் கேட்கட்டும்.

அவர் ஆசை தீர மிதித்து முடித்து சாவியைத் திருப்பினார். ஷெட்டில் புகையும் பெட்ரோல் நாற்றமும் நின்றன.

"அடேயப்பா, சும்மா சொல்லக் கூடாது" என்றார். "ஆனா நிக்கிற வண்டிக்கு எதுக்கு இது? கழட்டிட வேண்டியதுதான்."

அவள் சுவரைப் பார்த்தாள். இரண்டு தட்டு வர வேண்டும்.

"என்ன மேடம்? முடிச்சுக்கலாமா?"

"எஞ்சினைக் கழட்டப் போறீங்க, இல்ல?" என்றாள் அவள் ஜன்னல் பக்கமாக, உரக்க.

"ஆமா, அதான் சொன்னேனே."

சுவருக்கு அப்பால் ஒன்றும் இல்லை. "இருங்க, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஹாலில் அத்தை இன்னும் இருக்காரு இருக்காரு என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்பாவின் முகம் ஜன்னலைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. வலது கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. ஸ்பூன் தரையில் கிடந்தது. அவள் மூக்கருகே விரலை வைத்தாள். கழுத்தில் வைத்தாள். தினமும் எத்தனையோ பேர் கையைப் பிடித்து நரம்பு தேடுகிறவள், அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் தேடினாள்.

அத்தை அறை வாசலில் வந்து நின்றாள். போன் இன்னும் காதில் இருந்தது.

"எதுக்குக் கூப்பிட்டாராம்?"

அவள் திரும்பவில்லை.

"நான் தட்டினேனே, அத்தை" என்றாள்.

அத்தை கட்டிலைப் பார்த்தாள். போன் காதிலிருந்து இறங்கியது. அதற்குள்ளிருந்து யாரோ, ஹலோ, ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

வெளியே ஹாரன் அடித்தது. "மேடம்! வர்றீங்களா?"

அவள் குனிந்து ஸ்பூனை எடுத்தாள். கட்டில் கம்பியில் ஒரு தட்டு தட்டிவிட்டு, அங்கேயே, அவர் காலடியில் உட்கார்ந்தாள்.