எட்டு நொடி முந்திய வாழ்த்துரை

மருமகள் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். இரண்டு வக்கீல்கள் ஒரே நேரத்தில் கத்தினாலும் யார் என்ன சொன்னார் என்று பிரித்து எழுதிவிடுவாள். மாமனாரின் பணி ஓய்வு விழா டிவிடி ஆறு வருடமாக அலமாரியில் தூங்குவதைப் பார்த்ததும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. ஒலியை மட்டும் போனில் ஏற்றிக்கொண்டு, மூன்று வாரம் மதிய இடைவேளையில் கேட்டுக் கேட்டு, பேசியவர்கள் பேச்சையெல்லாம் சப்டைட்டிலாகத் தட்டச்சு செய்துவிட்டாள்.

ஏனென்றால் தன் விழாவில் பேசியது ஒன்றுகூட மாமனாருக்குக் கேட்கவில்லை. இருபத்தேழு வருடம் இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பஸ் ஓட்டியதில் காது போய்விட்டது. வாங்கிக் கொடுத்த காதுக்கருவியும் கூட்டத்தில் விசிலடிக்கிறது என்று இழுப்பறைக்குப் போய்விட்டது. மற்றவர்கள் கைதட்டியபோது தானும் தட்டினார், சிரித்தபோது சிரித்தார். "செவிடன் காதுல ஊதின சங்கு. ஆனா நல்லாத்தான் ஊதினாங்க" என்று அதைப் பற்றிச் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குப் படம் பார்க்கக் கண்டக்டரும் வந்தார். பத்தொன்பது வருடம் மாமனாரின் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். வந்ததும் நல்ல நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

மருமகள் லேப்டாப்பை டிவியோடு இணைத்து, டிவிடித் தட்டை உள்ளே தள்ளினாள். அது கர்கர் என்று சுற்றி நின்றது. மறுபடி சுற்றியது; மறுபடி நின்றது.

"முதல் கியர்லயே நிக்குதே!" என்று மாமனார் வீடே அதிரச் சொன்னார்.

தட்டை வெளியே எடுத்துப் பார்த்தாள். ஆறு வருடக் கைரேகை. மாமியாரின் கண்ணாடித் துணியை வாங்கி, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்தாள். இந்த முறை படம் வந்தது. சத்தம்தான் வரவில்லை. மேடையில் டிப்போ மேனேஜர் மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினார்.

"இப்ப நம்ம எல்லாருக்கும் ஒரே காது" என்றார் கண்டக்டர்.

டிவியில் ஒலியைக் கூட்டினாள், லேப்டாப்பில் கூட்டினாள், கேபிளைப் பிடுங்கிச் சொருகினாள். ஒன்றும் நடக்கவில்லை. அப்போது மாமியார் மகனை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"டேய், உன் சட்டைப் பையில யாரோ பேசறாங்கடா."

மகன் கையை விட்டுப் பார்த்தான். காலையில் இதே லேப்டாப்பில் பாட்டுக் கேட்டுவிட்டுப் பையில் போட்ட கம்பியில்லா இயர்போன் ஜோடி. மேனேஜர் அதற்குள்ளிருந்து கொசுக்குரலில் வாழ்த்திக்கொண்டிருந்தார். மருமகள் புருஷனைப் பார்த்த பார்வையில் அவன் அடுக்களைக்கு எழுந்து போனான். ஒலி போகும் இடத்தை டிவிக்கு மாற்றியதும் கூடம் முழுக்கக் கைதட்டல் கேட்டது.

அடுத்து சப்டைட்டிலைப் போட்டாள். திரையின் அடியில் கட்டங்களும் கேள்விக்குறிகளுமாக ஒரு வரிசை ஓடியது.

"இது எந்த ஊர் பாஷைம்மா?"

"தமிழ்தான் மாமா. கம்ப்யூட்டருக்குப் புரியல" என்று சைகையும் சொல்லுமாகச் சொல்லிவிட்டு, அமைப்புகளுக்குள் போய் எழுத்துக் குறிமுறையை யூனிகோடுக்கு மாற்றினாள். தமிழ் வந்தது. மாமனார் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

மேனேஜர் மைக் முன் நிமிர்ந்து நின்றார். அவருக்குக் கீழே, 'டேபிள் ஃபேனை இந்தப் பக்கம் திருப்புங்கப்பா, வேர்க்குது' என்று எழுத்து வந்தது. அடுத்து மாலையோடு வந்த கேஷியரம்மா அதைப் போட்டுவிட்டு இறங்கும் முன்பே, 'நான் முப்பது வருஷமா மீசை வெச்சிருக்கேன்' என்றது திரை. மாமனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேஷியரம்மாவையே உற்றுப் பார்த்தார்.

மருமகளுக்குச் சட்டென்று பிடிபட்டது. போனில் ஏற்றும்போது தொடக்கத்து ரோஜாப்பூ டைட்டிலை வெட்டியிருந்தாள். அது சரியாக எட்டு நொடி. அதனால் அடுத்து வரும் பேச்சின் எழுத்து முந்திக்கொண்டு ஓடுகிறது. சப்டைட்டிலைப் பின்தள்ளும் பெட்டியில் எட்டு என்று போட்டாள். சொல்லும் வாயும் ஒன்றாகின.

சரியாக அப்போது மேடைக்கு வந்தவர் கண்டக்டர்.

'அண்ணனுக்கு ஆமைன்னு பேர் வெச்சது நான்தான்' என்றது எழுத்து.

மாமனாரின் சிரிப்பு நின்றது. டிப்போவே அவரை ஆமை என்றுதான் கூப்பிட்டது. பேர் வைத்தது டிப்போ மெக்கானிக்தான் என்று அவர் முடிவுகட்டி, அந்த மனிதரோடு பேச்சை நிறுத்திப் பத்து வருடமாகிறது.

"நீயாடா?"

கண்டக்டர் திகைத்துப்போனார். "அண்ணே, அன்னிக்கே மைக்ல சொன்னேனே! நீங்க சிரிச்சுக்கிட்டே கைதட்டினீங்க. மன்னிச்சுட்டீங்கன்னு நினைச்சு அன்னிக்குத்தான் நான் நிம்மதியா தூங்கினேன்."

மாமனாருக்கு அதுவும் கேட்கவில்லை. மாமியார் மருமகளை முறைத்தார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டதே! சொன்னதை மாற்றி எழுதும் பழக்கம் மருமகளுக்கு இல்லை. வேடிக்கையான பேச்சு என்றுதான் நினைத்திருந்தாள். நிறுத்தப் போன கையை மாமனார் தடுத்தார். எழுத்து ஓடியது.

'மெதுவா ஓட்டறார்னு வெச்ச பேர் இல்லைங்க. படியில கால் வெச்ச கடைசி ஆள் உள்ளே வர்ற வரைக்கும் வண்டி நகராது. பத்தொன்பது வருஷத்துல எங்க பஸ்ல இருந்து ஒருத்தர் விழுந்ததில்ல. நான் தலையில வெச்சுக் கொண்டாடின பேர் அது.'

"திரும்பப் போடும்மா."

போட்டாள். இன்னொரு தடவையும் போடச் சொன்னார். பிறகு கண்டக்டரின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். பாசமா கோபமா என்று வாங்கியவருக்கே தெரியவில்லை.

"அந்த மெக்கானிக்குக்குப் போன் போடுடா. இப்பவே!"

கண்டக்டர் போட்டார். மருமகள் படத்தை மூடி, வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து எழுத்தைப் பெரிதாக்கி, விரல்களைச் சொடுக்கிக்கொண்டாள். ஸ்பீக்கரில் வந்த குரல் அப்படியே டிவியில் எழுத்தானது.

'பத்து வருஷமா என்மேல என்ன கோபம்னு ஒரு தடவையாவது கேட்டிருக்கலாமே.'

மாமனார் அதைப் படித்துவிட்டுப் போனின் பக்கம் குனிந்தார். "தப்பு என்னுதுதான்" என்றார். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து அந்த வீடு கேட்டதில்லை.

அரை மணி நேரத்தில் மெக்கானிக் நேரிலேயே வந்து நின்றார். மூன்று பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். நீதிமன்றமே தேவலை என்று நினைத்தபடி மருமகள் பதினோரு பக்கம் அடித்தாள். மாமனார் ஒரு வரி விடாமல் படித்து, ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.

அடுக்களையிலிருந்து புருஷன் காபியோடு வந்தபோது, மாமியார் முதல் டம்ளரை எடுத்து மருமகளிடம் நீட்டினார்.