பக்கத்து வீட்டு முட்டை

என் மகள் வாயைப் பூட்டிக்கொண்டால் அதற்குச் சாவியே கிடையாது. அன்றும் அப்படித்தான். கீரையை மசித்துச் சோற்றில் பிசைந்து, காக்கா காட்டி, பூனை காட்டி, கடைசியில் நானே குரங்கு மாதிரிக் குதித்தும் காட்டினேன். நன்றாக ரசித்தாள். வாயை மட்டும் திறக்கவில்லை. ஒன்றரை வயதில் இத்தனை பிடிவாதம்! சந்தேகமே வேண்டாம், அவள் அப்பா பக்கத்துச் சீதனம்.

போன மாதம் எடை போட்ட நர்சம்மா முகத்தைச் சுளித்திருந்தார். "வெறும் சோத்தையே குடுத்தா எப்படிம்மா ஏறும்? முட்டை, கீரை, பருப்பு, பழம்னு மாத்தி மாத்திக் குடு. அடுத்த மாசமும் இதே எடைன்னா பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்துடுவேன், பார்த்துக்க." சேர்த்தால் நானும் கூடவே கிடக்க வேண்டும். தையல் கடைக்காரர் அதுவரை எனக்காக வேலையை வைத்திருப்பாரா? அதைவிட, பிள்ளை அந்தப் பெரிய கட்டிலில் கிடப்பதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

முட்டை பக்கத்து வீட்டில் இருந்தது. லாரி டிரைவர் பெண்டாட்டி கோழி வளர்க்கிறாள். ஆனால் எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. அவள் கோழிகள் என் கீரைப் பாத்தியைக் கிளறித் துவம்சம் செய்தன. நான் துடைப்பத்தை வீசினேன். அது அவள் முதுகில் விழுந்தது. நான் குறி பார்த்தது கோழியைத்தான், சத்தியமாக.

கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் பிள்ளையைக் காணோம். பதறிக்கொண்டு தேடினால், வேலிச் சந்தில் நுழைந்து அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். டிரைவர் பெண்டாட்டி அவித்த முட்டையை நசுக்கி ஊட்டுகிறாள், இவள் ஆ ஆவென்று வாயைப் பிளக்கிறாள். என் மானமே போயிற்று. சண்டைக்கு வாயெடுத்த நேரம், பின்னாலிருந்து யாரோ என் காலைக் கட்டிக்கொண்டார்கள். அவள் மகன். எப்போது என் வீட்டுக்குள் புகுந்தானோ, வாயைச் சுற்றிலும் பச்சையாக இருந்தது. என் மகள் தொடாத கீரைச் சோறு!

"அடப்பாவி, நான் குடுத்தா துப்புவியே!" என்றாள் அவன் அம்மா. பிறகு என் மகள் பக்கம் திரும்பி, "பாப்பா, நாளைக்கும் உன்னை அனுப்பச் சொல்லி உங்கம்மாகிட்ட சொல்லு" என்றாள்.

"தம்பி, கோழியை அடைச்சு வச்சா அனுப்பறேன்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்றேன் நான்.

இரண்டு பிள்ளைகளுக்கும் இன்னும் பேச்சு வரவில்லை. இருந்தாலும் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் பிள்ளைகளை மாற்றிக்கொண்டோம். முறைத்துக்கொண்டே கொடுப்போம், முறைத்துக்கொண்டே வாங்குவோம். அவள் மீனை முள்ளெடுத்து ஊட்டினால் நான் விடுவேனா? பருப்பும் பூசணியும் பப்பாளியுமாக இறக்கினேன். போட்டியில் இரண்டு வீட்டுச் சட்டியும் காலியானது. பிள்ளைகளுக்குக் கன்னம் வந்தது.

அடுத்த மாதம் எடை ஏறியிருந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நர்சம்மா சிரித்துக்கொண்டே பிள்ளையை என்னிடம் தந்தவர், சட்டென்று என் கீழிமையை இழுத்துப் பார்த்தார். "என்ன இது, ரத்தமே இல்லாம இப்படி வெளுத்துக் கிடக்கு? நேத்து நீ என்ன சாப்பிட்டே?"

யோசித்தேன். "டீ. அப்புறம் சோறு."

"தொட்டுக்க?"

"உப்பு."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குப் பின்னால் மகனோடு நின்ற டிரைவர் பெண்டாட்டி மட்டும் சிரிக்கவில்லை. வெட்கத்தில் மாத்திரையை வாங்கிக்கொண்டு முதலில் கிளம்பி வந்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் மகனோடு ஒரு தட்டையும் தூக்கிக்கொண்டு வந்தாள். "பாப்பா, உங்கம்மாவ..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். "உன்கிட்டதான் பேசறேன். உக்காரு, சாப்பிடு."

"எனக்கெதுக்கு? பிள்ளைங்களுக்கு..."

"வாயை மூடு. இல்ல, திற."

முட்டை வாய்க்குள் போனது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மிளகு தூக்கலாக இருக்கிறது என்றேன். அவள் மிளகே போடவில்லையாம்.

விழுங்கிவிட்டு அவள் தாடையைப் பிடித்தேன். கீழிமையை இழுத்தேன். உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது.

"நேத்து நீ என்ன சாப்பிட்டே?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மீதி முட்டையை என் கீரைச் சோற்றோடு உருட்டி அவள் வாய்க்கு நேரே நீட்டினேன். அவளும் வாயைத் திறக்கவில்லை, நானும் கையை இறக்கவில்லை. கீழே இரண்டு பிள்ளைகளும் மெல்லுவதை நிறுத்திவிட்டு எங்களையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன.