முழங்காலுக்குள் வெளிச்சம்

1

இந்தக் கதை ஒரு பேனா டார்ச்சிலிருந்து பிறந்தது. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. வெட்கம் பின்னால் வருகிறது.

முதலில் எழுதிய தொடக்கம்: 'டத்தோ கிராமாட்டில் பழனியப்பன் குடும்பத்தை அறியாதவர்...' (நிறுத்திவிட்டேன். பெருமையில் தொடங்கினால் பெருமையிலேயே முடிக்க வேண்டிவரும்.)

2

பழனியப்பனின் பேத்தி அதிராவுக்கு ஒன்பது வயது. இடது முழங்காலின் பின்மடிப்பில் கோலிக்குண்டு அளவு வீக்கம். வலியில்லை. மருமகள் காமினிதான் கண்டாள்.

"வெளியில யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது," என்றார் பழனியப்பன். அதனால் பக்கத்துக் கிளினிக்கை விட்டுவிட்டு, பாலம் தாண்டி புக்கிட் தெங்காவுக்குப் போனார்கள்.

டாக்டர் ஹன்னா காலை நீட்டச் சொல்லித் தொட்டுப் பார்த்தார், வீக்கம் இறுகியது. மடக்கியதும் தளர்ந்தது.

"வீட்டுல யாருக்காச்சும் எலும்புல கட்டி வந்திருக்கா, அங்கிள்? இருந்தா இன்னும் கவனமா பாக்கணும்."

"எங்க குடும்பத்துலயா? கிடையாது."

"சரி. அக்கா, லைட்ட அடைங்க."

இருட்டில் டார்ச்சை வீக்கத்தின் மேல் வைத்தார். அது முழுவதும் சிவந்து ஒளிர்ந்தது. (இங்கே மாதுளை, அகல், அந்திச் சூரியன் மூன்றையும் எழுதி அடித்துவிட்டேன். அது எதைப்போலவும் இல்லை. தோலுக்குள் ஒளி நிறைந்து நின்றது. பழனியப்பன் கோயிலில்கூட அப்படிக் கைகட்டி நின்றதில்லை.)

"தாத்தா, என் காலுக்குள்ள லைட்டு எரியுதுலா!"

"உள்ள தண்ணிதான், அதான் வெளிச்சம் போகுது. கெட்டியா இருந்தா இருட்டாவே இருக்கும். பிள்ளைங்களுக்குப் பெரும்பாலும் தானா வத்திடும். இருந்தாலும் வியாழக்கிழமை ஒரு ஸ்கேன் எடுத்துடுவோம்."

3

பழனியப்பன் நான்தான். டாக்டரிடம் சொன்னது பொய்.

என் தம்பி குணாளனுக்குப் பதினாறு வயதில் முழங்கால் எலும்பில் கட்டி வந்தது. காலை எடுத்தார்கள். பைராம் தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் விபத்து என்று ஊருக்குச் சொன்னோம். அந்த விபத்தை நான்தான் கட்டினேன்: எந்தத் திருப்பம், எந்தச் செம்பனை மரம், என்ன மழை. என் முதல் கதை அதுதான். சாகும்வரை குணாளனும் அதையே சொன்னான்.

4

முடிவு ஒன்று: ஸ்கேனிலும் தண்ணீர்தான். நான் வாய் திறக்கவே வேண்டியதில்லை.

முடிவு இரண்டு: டாக்டரைத் தொலைபேசியில் அழைத்து, 'அன்றைக்கு நான்...'

(கை வரவில்லை.)

இன்று புதன். ஸ்கேன் படிவத்தில் குடும்ப நோய் விவரம் கேட்கும் கட்டத்தில் 'இல்லை' என்று பென்சிலில் எழுதியிருந்தேன். அழித்துவிட்டேன். நான் கையால் எழுதுவதைக் கணினியில் ஏற்றுகிறவள் காமினி. ஆக இதன் முதல் வாசகர் நீதான், அம்மா. படிவத்தை இந்தத் தாள்களோடு வைத்திருக்கிறேன். கட்டத்தை நீ நிரப்பு. நான் தடுக்கமாட்டேன்.

குணாளன் காலை இழந்த அன்றைக்கு மழை பெய்யவில்லை.