எங்கே இறங்கினீர்கள்?

வாடகைக்கு எடுத்த நாற்காலிகளை அவள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். பதினான்காவதைத் தூக்கும்போது தம்பி வந்து கையைப் பிடித்தான்.

"விடுக்கா, நான் பாத்துக்கறேன்."

அவள் விடவில்லை. கைக்கு ஒரு வேலை இருந்தால் மனசு கொஞ்ச நேரமாவது அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கும். அப்பாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. கூடத்தில் அவரை வைத்திருந்த இடத்தில் இப்போது ஒன்றுமே இல்லை. இருந்தாலும் எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தார்கள்.

சமையலறைக்குப் பக்கத்தில் போட்ட நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். எதிரே தட்டு. தட்டில் வைத்தது வைத்தபடி ஆறிப்போயிருந்தது.

"அண்ணி, ரெண்டு வாய் சாப்பிடுங்க" என்றாள் அத்தை. அப்பாவின் தங்கை அவள். துக்கத்திலும் வாய் சும்மா இருக்காது. "நீங்க இப்படியே உக்காந்திருந்தா எங்க அண்ணன் எழுந்து வந்து ஊட்டிவிடுவார்னு நெனப்பா? இருந்தப்பவே ஒரு டம்ளர் தண்ணி மொண்டு குடுத்ததில்ல அந்த மகராசன்."

சுற்றி இருந்தவர்கள் சிரிப்பை விழுங்கினார்கள். வேறு நாளாக இருந்தால் அம்மாதான் முதலில் சிரித்திருப்பாள். இன்றைக்கு நிமிர்ந்து பார்த்து, நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருந்ததையே மறுபடி கேட்டாள்.

"கடைசியில யாராவது பக்கத்துல இருந்தாங்களா?"

அத்தை ஒரு டம்ளர் தண்ணீரைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

நேற்றுக் காலை ஒன்பது மணிக்கு, "குக்கர் ரப்பர் தொளதொளன்னு ஆயிடுச்சு, பழசைக் காட்டி அதே அளவுல வாங்கிட்டு வாங்க" என்று அம்மாதான் அனுப்பினாள். போனவருக்கு ஓடும் பஸ்ஸில் நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்த தாளில், பஸ்ஸில் கொண்டுவரப்பட்டார், வந்து சேரும்போது உயிர் இல்லை என்று இரண்டே வரி. கூடவே ஒரு பிளாஸ்டிக் பை. அதில் அவர் கண்ணாடி, போன், பஸ் அட்டை, அந்தப் பழைய ரப்பர். யார் கொண்டுவந்தார்கள், எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று கேட்டால், காவலுக்கு நின்றவர், "நான் மத்தியானம்தாங்க டூட்டிக்கு வந்தேன்" என்று கையை விரித்துவிட்டார்.

நாற்பத்திரண்டு வருஷம் கூட இருந்தவர். யாரோ எவரோ கூட்டத்தில், ஒரு ஜன்னலோர சீட்டில், கேட்க நாதியில்லாமல் போய்விட்டாரோ. அதுவும் ஒரு ரப்பருக்காக, தான் அனுப்பியதால். அம்மா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த ரப்பரை மட்டும் மடியில் வைத்து விரலால் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

கடைசி நாற்காலியை அடுக்கி நிமிர்ந்தபோது வாசலில் பக்கத்து மேஜைக்காரி நின்றிருந்தாள். ஆபீசில் மூன்று வருஷமாக அடுத்தடுத்த மேஜை. காலையிலேயே வந்து அழுது தீர்த்துவிட்டுப் போனவள், இப்போது பையை மார்போடு அணைத்துக்கொண்டு மறுபடி வந்திருக்கிறாள்.

"உள்ள வாயேன்டி."

"ஒரு விஷயம். சொல்றதா வேண்டாமான்னு பஸ்ல வரும்போதெல்லாம் யோசிச்சுட்டே வந்தேன்." பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். "உங்க அப்பா அட்டை நம்ம பட்டியல்ல வந்திருக்கு. தொங்கல்."

அவர்கள் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நகரத்துப் பஸ்களில் காகித டிக்கெட் போய் அட்டை வந்து மூன்று வருஷமாகிறது. ஏறும்போது கதவருகில் இருக்கும் மெஷினில் அட்டையை ஒரு தட்டு, இறங்கும்போது இன்னொரு தட்டு, அவ்வளவுதான். தட்டாமல் இறங்கிவிட்டால், மெஷினைப் பொறுத்தவரை அந்த ஆள் இன்னும் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருக்கிறார். அதற்குத்தான் ஆபீசில் தொங்கல் என்று பெயர். இரண்டு நாளுக்குள் யாராவது போன் போட்டு, எங்கே இறங்கினீர்கள் என்று கேட்டுப் பதிய வேண்டும். இல்லாவிட்டால் கடைசி நிறுத்தம் வரைக்கும் கட்டணம் தானாகப் பிடித்துக்கொள்ளும். அட்டை வந்தபோது டிக்கெட் கவுன்ட்டரை மூடினார்கள். வேலையே போய்விடும் என்று பயந்து கிடந்த இவளை, தொங்கல்களுக்குப் போன் போடும் பிரிவில் உட்காரவைத்தார்கள்.

அப்பா அந்தப் பட்டியலில் அடிக்கடி வருவார். மாதத்துக்கு இரண்டு, மூன்று தடவை. தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலையில் முப்பது வருஷம் வீடு வீடாக எண்களைக் குறித்தவர், ஒரு புள்ளி தவறியதில்லை. அவருக்கு அட்டை தட்ட மட்டும் மறந்துபோகும். வயசாகிறது என்று அவள் நினைத்துக்கொள்வாள். போன் பேச்சு பதிவாகும் என்பதால் சொந்த அப்பனிடமும் ஆபீஸ் பாஷையில்தான் பேச வேண்டும்.

"வணக்கம் சார், பஸ் கட்டணப் பிரிவிலிருந்து பேசறேன். நேத்து நீங்க அட்டையத் தட்டாம இறங்கியிருக்கீங்க. எங்க இறங்கினீங்க சார்?"

"அடடா, மேடமா? சாப்பிட்டீங்களா மேடம்?"

"ஆச்சு சார். எங்க இறங்கினீங்க?"

"என்ன சாப்பிட்டீங்க மேடம்?"

பக்கத்து மேஜைக்காரி வாயில் துணியை வைத்துக்கொண்டு குலுங்குவாள். இவள் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, "இறங்கின இடம் சார்" என்பாள். வீட்டில் சாயங்காலம் அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள்.

இப்போது அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். முதல் வரியில் அப்பா. ஏறிய நேரம் ஒன்பது பதினேழு. அவருக்குக் கீழே வரிசையாக இன்னும் பத்தொன்பது.

"இதெல்லாம்?"

"எல்லாம் ஒரே பஸ்ஸு" என்றாள் பக்கத்து மேஜைக்காரி. "அந்தப் பஸ்ல இருந்த ஒருத்தர்கூடத் தட்டி இறங்கல. இப்படி ஒண்ண நான் பாத்ததே இல்ல. மெஷின் கெட்டுப்போச்சு போலன்னு முதல் நம்பருக்குப் போட்டேன். அவர் சொன்னதக் கேட்டதும் போனை வச்சுட்டேன். மீதி என் வாயால கேக்க வேண்டியது இல்லடி. மேலாளர்கிட்ட கேட்டுட்டுத்தான் எடுத்துட்டு வந்தேன். நாளைக் காலையில ரெண்டு நாள் முடியுது."

ஒரு வாய் டீ குடித்துவிட்டு அவள் போய்விட்டாள்.

தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு மகள் சாப்பாட்டு மேஜையில், அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக மேஜையில் பாதியை நனைத்திருந்தது. ஜன்னல் கட்டையில் அப்பாவின் போன் சார்ஜில் கிடந்தது. உறவுக்காரர்கள் கூப்பிட்டால் எடுப்பதற்காகத் தம்பி போட்டுவைத்தது. நாள் முழுக்க அலறி, இப்போதுதான் ஓய்ந்திருந்தது.

முதல் நம்பரைப் போட்டாள். வாய் தானாகவே ஆபீஸ் பாஷைக்குப் போனது. "வணக்கம் சார், பஸ் கட்டணப் பிரிவிலிருந்து பேசறேன். நேத்து நீங்க…"

"காலையிலேயே ஒரு மேடம் கேட்டு, பாதியில வச்சுட்டாங்களே" என்றது ஒரு ஆண் குரல். பின்னால் சுவரைச் சுரண்டும் சத்தம். பெயின்ட் அடிப்பவர். "ஆஸ்பத்திரி வாசல்ல இறங்கினேங்க. அது ஸ்டாப்பே இல்லன்னு எனக்கும் தெரியும். ஒரு பெரியவருக்கு முடியாமப் போச்சு. ஏங்க, நீங்க ஆபீஸ்தானே, அவர் எப்படி இருக்காருன்னு ஏதாவது தெரியுமா? நேத்துலேருந்து மனசே சரியில்ல."

அவள் பேனாவை மேஜைமேல் வைத்தாள்.

"அவர் தவறிட்டாருங்க. நான் அவரோட பொண்ணு."

சுரண்டும் சத்தம் நின்றது. யாரையோ பார்த்து, "டேய், அந்தப் பெரியவர் போயிட்டாராம்டா" என்று அவர் மெதுவாகச் சொன்னது கேட்டது. பிறகு போனுக்குள் வந்து, "காலை நீட்டிக்கட்டும்னு என் பெயின்ட் டப்பாவெல்லாம் வெளிய தூக்கிப் போட்டோம்மா. அவ்வளவுதான் முடிஞ்சுது எங்களால" என்றார்.

வைத்தபோது அம்மா கையில் ரப்பர் அசையாமல் இருந்தது.

அவள் கண் போன்மேலேயே இருந்தது.

மகள் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைத்து, அடுத்த நம்பரை அழுத்தினாள்.

அடுத்தது ஒரு பெண். வேலைக்கு நேர்முகத் தேர்வு இருந்ததாம், போக முடியவில்லையாம். "அத விடுங்க, வேற எடம் பாத்துக்கலாம். எங்கம்மாவுக்குச் சொன்னேன், போகாததே நல்லதுன்னாங்க."

அதற்கடுத்தவர் எடுத்ததுமே எரிந்து விழுந்தார். "பணம்தானே, புடிச்சுக்கோங்க! ஒரு வருஷத்துக்கும் சேத்துப் புடிச்சுக்கோங்க! எனக்கு ஆபீஸ்ல அரைநாள் லீவு போட்டுட்டான், அதுவே போச்சு." அவள் விஷயத்தைச் சொன்னதும் குரல் தணிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார். "மன்னிச்சுக்கம்மா. கேளு, சொல்றேன். டிரைவர் வண்டிய ஓரங்கட்டி எழுந்து நின்னு கேட்டாரு. 'ஆம்புலன்ஸ் வர நேரமாகும், நான் நேரா ஆஸ்பத்திரிக்கு விடறேன், யாராவது இறங்கறீங்களா'ன்னு. அடுத்தது என் ஸ்டாப்புதான். கதவும் தொறந்துதான் இருந்துச்சு. ஒருத்தர்கூட எழுந்திருக்கலம்மா."

அம்மா நாற்காலியை மேஜைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். அத்தையும் சத்தமில்லாமல் வந்து பின்னால் நின்றாள்.

ஒவ்வொரு போனிலும் ஒரு துண்டு வந்தது. வழி மாறியதும் மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்து கத்திக்கொண்டே வந்ததாம். ஒருவர் கைக்குட்டையைச் சுற்றி அதன் வாயை அடைத்தாராம். பகல் வெளிச்சத்தில் முன்விளக்கைப் போட்டுக்கொண்டு, ஹார்னிலிருந்து கையை எடுக்காமல் வந்தாராம் டிரைவர். ராத்திரி டூட்டி முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு நர்ஸ், வழி நெடுக அவர் பக்கத்தில் முட்டி போட்டு நாடி பார்த்துக்கொண்டே வந்தாளாம்; ஆஸ்பத்திரி கேட்டுக்குள் போன பிறகு மூச்சு நின்றதும், உள்ளே தூக்கிக்கொண்டு போகும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தாளாம். அந்த நர்ஸே பேசினாள். "இன்னும் ரெண்டு நிமிஷம் கெடைச்சிருந்தா…" என்றவளை அம்மா மேலே பேசவிடவில்லை. போன் பக்கம் குனிந்து, "நீ நல்லா இருக்கணும் கண்ணு. கை வலிக்குதா இன்னும்?" என்றாள். நேற்றிலிருந்து அவள் கேட்ட இரண்டாவது கேள்வி அது.

டாக்டர் வெளியே வந்து சொல்லும்வரை யாரும் போகவில்லையாம். பஸ் படியில் உட்கார்ந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு டிரைவரும் இருந்தாராம். கூட்டத்தில் பின்னால் நின்ற சிலர் மட்டும், டாக்டர் சொன்னது காதில் விழாததால், முடிவு தெரியாமலே கலைந்திருக்கிறார்கள்.

ஒவ்வொன்றின் முடிவிலும், 'உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி' என்று சொல்லித்தான் வைக்க வேண்டும். மூன்று வருஷத்தில் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள்! ஏழாவது போனுக்குமேல் அந்த வரியை அவளால் முழுசாகச் சொல்ல முடியவில்லை. எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்கள் காத்திருந்துவிட்டு, "பரவால்லம்மா" என்று அவர்களே வைத்தார்கள்.

பதினாறாவதாக எடுத்தவள் தையல் கடையில் வேலை செய்கிறவள். அப்பாவின் பக்கத்து சீட்டு.

"நான்தாங்க மொதல்ல கத்தினது" என்றாள். "என் தோள் மேலதான் சாஞ்சாரு. கையப் புடிச்சுக்கிட்டேன். ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் விடல, அவரும் விடல. வேர்த்துக் கொட்டிச்சு, முந்தானையால தொடச்சுவிட்டேன். வலிக்குதாய்யான்னு கேட்டா, கொஞ்சம்னு தலைய ஆட்டினாரு."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னொண்ணு. சொன்னா தப்பா நெனைக்கக் கூடாது. அவர் கையில பஸ் அட்டை இருந்துச்சு. ஆஸ்பத்திரி கேட்டுக்குள்ள வண்டி நொழையும்போது, கீழ விழுந்துடப் போகுதேன்னு வாங்கினேன். 'இதத் தட்டிடட்டுமாய்யா, இல்லன்னா முழுக் காசும் போயிடும்'னேன். என்னவோ அந்த நேரத்துல வாயில அதுதான் வந்துச்சு. அதுக்கு அவரு, 'வேணாம்மா, விட்டுடு. அப்பதான் எம்பொண்ணு போன் பண்ணுவா'ன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. மயக்கத்துல பேசறாருன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் அவர் பேசலீங்க."

மேஜையில் வெயில் நகர்ந்து தட்டின் விளிம்புக்கு வந்திருந்தது. யார் நன்றி சொன்னார்கள், யார் வைத்தார்கள் என்று தெரியாமலே அந்தப் போன் முடிந்தது.

மகள் தாளைப் பார்த்தபடியே கேட்டாள். "அம்மா, அவருக்கு மறக்கலையா?"

"யாருக்கு, உங்கப்பனுக்கா?" என்றாள் அம்மா. "நான் கூடப் போயிருக்கேனே. மெஷினை நல்லாப் பாத்துட்டு, அட்டையச் சட்டைப் பையில போட்டுட்டு இறங்குவாரு. ஏங்க இப்படின்னா, 'வேலை நாள்ல வேற எப்படிடி அவ கூடப் பேசறது'ன்னுவாரு."

அத்தை மூக்கை உறிஞ்சினாள். "திருட்டுப் பய" என்றாள். அண்ணனை அவள் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

மீதி மூன்றில் இரண்டு பேர் எடுக்கவில்லை, காலையில் பார்த்துக்கொள்ளலாம். இறங்கிய இடம் என்ற கட்டத்தில் பதினேழு தடவை ஆஸ்பத்திரி என்று எழுதினாள். கை முதல் வரிக்கு வந்து நின்றது. அப்பாவின் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. எதை எழுத வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் போன் போட்டுக் கேட்காமல் எந்தக் கட்டத்தையும் நிரப்பக் கூடாது என்பது பிரிவின் விதி. அந்த விதியை அவள் ஒரு நாளும் மீறியதில்லை.

நம்பரைத் தேட வேண்டியிருக்கவில்லை. அழுத்தினாள்.

ஜன்னல் கட்டையில் அப்பாவின் போன் அடிக்கத் தொடங்கியது. அதிர்ந்து அதிர்ந்து கட்டையின் ஓரத்துக்கு நகர்ந்தது. யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து வாசலிலிருந்து தம்பி ஓடிவந்து கையை நீட்டினான்.

"எடுக்காத" என்றாள் அம்மா. "அடிக்கட்டும்."

மடியிலிருந்த ரப்பரை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஆறிப்போன தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, முதல் வாயைப் பிசைந்தாள்.