பத்துச் சொல்லும் மூன்று தண்ணீர்ப் போத்தலும்

"முதலாவது?"

"மண்வெட்டி."

"ரெண்டாவது?"

"பாலம். பிறகு சாவி, காகம், உப்பு..." ஐயாத்துரை யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இஞ்சாரும், பஸ்ஸுக்குள்ளயும் விடமாட்டீரோ? முன் சீற்றில இருக்கிற மனிசன் திரும்பித் திரும்பிப் பாக்கிறான்."

"பாக்கட்டும். உப்புக்குப் பிறகு?"

"மணி, சட்டை, குடை, விளக்கு, கயிறு. போதுமே?"

"போதும். ஆனா ஒண்டு. மிஸ் வாசிச்சு முடிக்க முதல் வாயைத் திறந்திடாதேங்கோ. முதல்முதலாக் கேக்கிற ஆள் மாதிரி இருங்கோ. இடைக்கிட யோசிக்கிற மாதிரியும் காட்டுங்கோ."

"நடிக்கவும் வேணுமோ?"

"வேணும்."

கிளிநொச்சியில் எடுத்த பஸ் மாங்குளத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. முறிகண்டியில் எல்லாரும் இறங்கிக் கும்பிட்டபோது ஐயாத்துரையின் மனைவி இரஞ்சிதமும் கும்பிட்டாள். வழக்கமாக அவளுக்கு வேண்டுதல் ஏழெட்டு இருக்கும். இன்றைக்கு ஒன்றே ஒன்றுதான். பிள்ளையாரே, பத்தும் வரவேணும்.

மாசி மாதம் வயற்கரைப் பற்றையை வெட்டப் போன மனிதர், பத்து நாள் கழித்துக் காய்ச்சலென்று படுத்தார். சாதாரண காய்ச்சலென்று கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். காய்ச்சலின் ஆறாம் நாள் அவளை யாரென்று கேட்டார். ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றிப் பார்த்தபோதுதான் கமக்கட்டுக்குள் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுத்தப் புண் தெரிந்தது. உண்ணிக்காய்ச்சல், மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். ஊசி ஏற ஏறக் காய்ச்சல் இறங்கியது. ஆள் தப்பினார். ஆனால் காலையில் தின்றது மத்தியானம் நினைவில் இல்லை. முப்பது வருடத்துக்கு முந்திய வெள்ளம் நினைவிருந்தது. நேற்று வந்துபோன மச்சான் நினைவில்லை.

வைகாசியில் வவுனியாவில் ஒரு ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டார்கள். மூளைக்காய்ச்சல் வந்து எழும்பினவர்களுக்கு ஒரு புதுக் குளிசை. பாதிப் பேருக்கு மருந்துக் குளிசை, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் மருந்தில்லாத குளிசை. யாருக்கு எது என்று கொடுக்கிறவருக்கும் தெரியாது, விழுங்குகிறவருக்கும் தெரியாது. நாலு மாதத்துக்கு ஒருக்கால் வந்து ஞாபகத்தைக் காட்டவேணும். "இதில பாஸ், பெயில் எண்டு ஒண்டும் இல்லையம்மா" என்று டொக்டர் பிரதீபன் அன்றைக்கே சொன்னார். இரஞ்சிதம் தலையாட்டினாள், நம்பவில்லை. மூத்த மகளைப் பத்து வருடத்துப் பழைய பேப்பர்களோடு இருத்தி எழுப்பிப் புலமைப்பரிசில் எடுக்கவைத்தவள் அவள். பெயில் இல்லாத ஒரு சோதனையை அவள் அதுவரை கண்டதில்லை. பெயில்விட்டால் பெயரை வெட்டுவார்கள், குளிசையும் நிற்கும் என்பது அவள் கணக்கு.

இன்னொன்றும் இருந்தது. மழைக்காலத்துக் காலபோக உழவு தொடங்கப் போகிறது. கொட்டிலுக்குள் லான்ட்மாஸ்டர் உழவு மிசின் மாசியில் நிறுத்தின இடத்தில் நிற்கிறது. ஞாபகம் தேறினால்தான் அதைத் தொடலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஐயாத்துரை தினமும் போய் அதன் கைபிடியைத் துடைத்துவிட்டு வந்து இருந்துகொள்வார். அந்த இருப்பைப் பார்க்க அவளுக்கு ஏலாது.

பிறகுதான் பேச்சியம்மாவின் போன் கோல் வந்தது. புதுக்குடியிருப்புப் பக்கத்து மனுசி. ஆராய்ச்சியில் சேர்ந்த முதல்நாள் ஆஸ்பத்திரி வாங்கில் பக்கத்தில் இருந்து பழக்கமானவள். அவளுடைய கணவர் செல்வராசாவுக்கும் இதே நோய்.

"அக்கா, எங்காளுக்கு நேத்து நாலாம் மாசத்துச் சோதனை முடிஞ்சிருச்சு. பத்து வார்த்தைய வாசிக்கிறாங்க. அரைமணி கழிச்சுத் திரும்பக் கேக்கிறாங்க. பின்னால ஒக்காந்திருந்த எனக்கே மனப்பாடம் ஆயிருச்சு."

"உங்கட அவர் எத்தினை சொன்னவர்?"

"ரெண்டு. விடுங்க, அது தலையெழுத்து. ஒங்களுக்கு வேணுமா? எழுதிக்கங்க."

இரஞ்சிதம் எழுதிக்கொண்டாள். பத்தொன்பது நாள், காலமை ஒருக்கால், பின்னேரம் ஒருக்கால் அவருக்குச் சொல்லிக் கொடுத்தாள். ஒரு கொப்பியில் புள்ளியும் போட்டுவந்தாள்.

வவுனியா ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சி அறையில் கௌசலா என்ற தாதிப் பெண் காத்திருந்தாள். ஐயாத்துரையை மேசைக்கு முன்னால் இருத்தினாள். இரஞ்சிதத்துக்குப் பின்னால் ஒரு கதிரை காட்டினாள்.

"அம்மா, வாய் திறக்கக் கூடாது, என்ன?"

"நான் ஏன் பிள்ளை திறக்கிறன்?"

கௌசலா பத்தையும் ஒவ்வொன்றாக வாசித்தாள். ஐயாத்துரை கண்ணை மூடினார். நெற்றியைச் சுருக்கினார். தாடியைத் தடவினார். அளவுக்கு மிஞ்சி யோசிக்கிறாரே என்று இரஞ்சிதம் கதிரை நுனிக்கு வந்தாள். பிறகு ஒவ்வொன்றாகப் பத்தும் வந்தன. அரைமணி கழித்துக் கேட்டபோதும் பத்து.

"ஐயா!" கௌசலா பேனையை வைத்துவிட்டாள். "வைகாசியில அரைமணிக்குப் பிறகு ஒண்டுமே வரேல்ல, நினைவிருக்கோ?"

"அது நினைவில்லைப் பிள்ளை" என்றார் ஐயாத்துரை. கௌசலா சிரித்துவிட்டாள்.

டொக்டர் பிரதீபன் வந்தார். கடதாசியைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார்.

"மற்றதெல்லாம் பரவாயில்லாமல் இருந்தது ஐயா. எனக்கு இந்த ஞாபகம்தான் பயம். இப்பிடி எண்டால், ரோட்டில வேண்டாம், உங்கட வயலுக்குள்ள மட்டும் மிசினை எடுக்கலாம். கடிதம் தாறன்."

கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்த கை, பஸ் நிலையம் வரைக்கும் பையை விட்டு இறங்கவில்லை. மனிதர் ஏழு மாதத்துக்குப் பிறகு விசில் அடித்தார்.

"இஞ்சாரும், உமக்குத் தண்ணி விடாய்க்குதோ?"

"ஓம்."

"இரும், நான் வாங்கிக்கொண்டு வாறன்."

"நானும்..."

"நான் என்ன சின்னப் பிள்ளையே? இரும் எண்டால் இரும்."

இருந்தாள். பாஸ் பண்ணின மனிதரைப் பின்னால் தொடர்ந்து போவது சரியில்லை என்று பட்டது. அஞ்சு நிமிடம் போனது. பத்தும் போனது. கிளிநொச்சி பஸ் ஒன்று அவள் கண்முன்னே புறப்பட்டுப் போனது. எழுந்து ஓடினாள். நிலையத்தின் அந்தத் தொங்கலில், மன்னார் பஸ்ஸுக்கு முன்னால் நின்றார்.

"அம்மா, உங்கட ஆளோ?" என்றான் கண்டக்டர். "இது எங்க போற பஸ் எண்டு நாலு தரம் கேட்டிட்டார். நாலு தரமும் மன்னார் எண்டு சொன்னனான். பகிடி பண்ணுறார் எண்டு நினைச்சன்."

ஐயாத்துரையின் கக்கத்தில் ஒரு தண்ணீர்ப் போத்தல், ஒரு கையில் ஒன்று, மற்றக் கையில் இன்னொன்று.

"ஏன் மூண்டு?"

அவர் போத்தல்களைப் பார்த்தார். "நீர்தானே கேட்டனீர். வாங்கினன்." பிறகு மெதுவாக, "மூண்டோ?" என்றார்.

இரஞ்சிதம் ஒரு போத்தலை வாங்கித் திறந்து குடித்தாள். மற்ற இரண்டையும் பையில் போட்டாள்.

"வாங்கோ, திரும்பிப் போவம்."

"எங்க?"

"டொக்டரிட்ட. கடிதத்தைக் குடுத்திட்டு வருவம்."

"உமக்கு விசரே? நான் பாஸ்!"

"நீங்கள் பாஸில்லை. நான்தான் பாஸ். அந்தப் பத்தும் நான் தீத்திவிட்டது."

"தீத்தினதை விழுங்கினது ஆர்? என்ர மண்டைதானே?"

"ஓம், பத்துச் சொல்லும் மண்டைக்குள்ள இருக்கு. மன்னார் இருக்கோ? மிசினை ஸ்ரார்ட் பண்ணிப்போட்டு, ஸ்ரார்ட்டில நிக்குது எண்டதை மறந்தால்?"

ஐயாத்துரை அவளுக்கு இரண்டடி முன்னால் விறுவிறுவென்று நடந்தார், சந்தியில் நின்று எந்தப் பக்கம் என்று தெரியாமல் அவள் வரும்வரை காத்திருந்தார், பிறகும் இரண்டடி முன்னால் நடந்தார்.

டொக்டர் பிரதீபன் சாப்பாட்டுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டிருந்தார். இவர்களைக் கண்டு எழும்பினார்.

"என்னம்மா, எதையும் விட்டிட்டுப் போட்டியளோ?"

இரஞ்சிதம் இரண்டு போத்தலையும் மேசையில் வைத்தாள். குடித்துமுடித்த வெறும் போத்தலையும் பக்கத்தில் வைத்தாள். கொப்பியையும் எடுத்து வைத்தாள். சொல்லத் தொடங்கினாள். பேச்சியம்மாவின் பெயரை மட்டும் விட்டுவிட்டாள்.

"லிஸ்ட் எப்பிடிக் கிடைச்சது எண்டு மட்டும் கேக்காதேங்கோ, தம்பி. தந்த ஆள் நல்லெண்ணத்தில தந்தது. களவு என்ர."

கௌசலா வாயில் கைவைத்தபடி நின்றாள்.

"அம்மா, ஐயாவின்ர புள்ளி ஐயாவுக்கு மட்டும் இல்லை" என்றார் டொக்டர். "நாளைக்கு இன்னொரு ஆள் இதே காய்ச்சலில இருந்து எழும்பும். அந்த ஆளுக்கு இந்தக் குளிசையைக் குடுக்கிறதோ விடுறதோ எண்டு இதை வச்சுத்தான் சொல்லப் போறம். நீங்கள் போட்ட பத்து அங்க போய்ப் பொய் சொல்லும்."

"எனக்கு அது மண்டையில ஓடேல்ல, தம்பி. எங்களை வெட்டிப்போடுவியளோ எண்டுதான் ஓடினது."

"வெட்டுறதோ? ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்ல. நானே நினைச்சன்."

"வெட்டமாட்டம். இண்டையான் பத்தை எடுக்கேலாது எண்டும், ஏன் எடுக்கேலாது எண்டும் எழுதி வைப்பன். அவ்வளவுதான்."

அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த ஐயாத்துரை சட்டைப் பைக்குள் கையை விட்டார். கடிதத்தை எடுத்து, மடிப்பைப் பிரித்து, ஒருக்கால் வாசித்தார்.

"டொக்டர், எங்கட வயலுக்குப் பக்கத்து வாய்க்காலில பள்ளிக்கூடம் விட்டுச் சின்னன்கள் வந்து குளிக்கிறதுகள். குழாயைப் பூட்டினனோ இல்லையோ எண்டே எனக்குத் தெரியாத நேரம் இருக்கு, மிசினை நிப்பாட்டினது எப்பிடித் தெரியும்? இவாவுக்கும் சொல்லேல்ல. எனக்கு உழவேணும் எண்டு இருந்தது, அதுதான் வாயை மூடிக்கொண்டு பத்தையும் பாடமாக்கினனான்." கடிதத்தைப் போத்தல்களுக்குப் பக்கத்தில் வைத்தார். "இதை நீங்களே வச்சிருங்கோ."

இரஞ்சிதம் அவரைப் பார்த்தாள். மனிதருக்குத் தன் மறதி தெரியாது என்றுதான் அவள் இத்தனை மாதமும் நினைத்திருந்தாள்.

டொக்டர் கடிதத்தைக் கிழித்துவிட்டுக் கொப்பியைத் திறந்தார். ஒரு பக்கம் புரட்டினார். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"இது என்னம்மா? முதல் நாள் சைபர்?"

"ஓம். ரெண்டாம் நாளும் சைபர். மூண்டாம் நாள் மண்வெட்டி மட்டும்."

"எட்டாம் நாள் நாலு. பன்னிரண்டாம் நாள் ஆறு. இது ஏன் பதின்மூண்டாம் நாள் ரெண்டுக்கு இறங்கினது?"

"அண்டைக்கு நான் ஏசிப்போட்டன்."

"பதினேழாம் நாள் பத்து." கொப்பியை மூடினார். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. "வைகாசியில ஒரே சொல்லை இந்த மேசையில வச்சு அஞ்சு தரம் சொன்னம், ஐயாவுக்குள்ள நிக்கேல்ல. இப்ப நிண்டிருக்கு. இது மருந்தாலயோ, நாள் போனதாலயோ, உங்கட பிடிவாதத்தாலயோ எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரிச் சொல்லவும் மாட்டன். ஆனா புதுசா ஒண்டு உள்ளுக்குப் போறதுக்கு வழி இருக்கு."

"அப்ப தேறுமோ?"

"எவ்வளவு எண்டு சொல்லேலாது. வைகாசியில இதைக்கூடச் சொல்லியிருக்கமாட்டன்."

"நான் இப்ப ஒருக்கால் செய்யிறன்" என்றார் ஐயாத்துரை. "ஒருத்தரும் காணாத லிஸ்ட் ஒண்டு எடுங்கோ."

"களைச்சுப்போனீங்கள் ஐயா. இன்னொரு நாள்..."

"இண்டைக்கே. இல்லாட்டி எனக்கு நித்திரை வராது."

"சரி. ஆனா இது உங்களுக்காக. ஆராய்ச்சிக்கு எடுக்கமாட்டன்" என்றார் டொக்டர்.

கௌசலா அலுமாரியைத் திறந்து வேறொரு உறையை எடுத்தாள். இரஞ்சிதத்தைப் பார்த்தாள்.

"அம்மா, நீங்கள் வெளியில."

"நான் பின்னாலதானே..."

"வெளியில அம்மா."

இரஞ்சிதம் வெளியே வாங்கில் இருந்தாள். உள்ளே கௌசலாவின் குரல் முணுமுணுப்பாகக் கேட்டது. சொல் விளங்கினால் என்ன செய்வேனோ என்று தனக்கே பயந்து எழுந்துபோய்த் தண்ணீர்க் குழாயடியில் நின்றாள். அரைமணி என்பது இவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தெரியாது. பத்தொன்பது நாளும் அவள்தான் கேள்வி கேட்டவள். கேட்கிறவருக்கு நேரம் சட்டென்று போய்விடும்.

கதவு திறந்தது.

"வாங்கோ அம்மா."

ஐயாத்துரையின் நெற்றி வியர்த்திருந்தது. ஆள் களைத்திருந்தார். டொக்டர் சோற்றுப் பார்சலை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எத்தினை?" என்றாள் இரஞ்சிதம்.

"நாலு" என்றார் ஐயாத்துரை. "அரைமணிக்குப் பிறகு. நானே எடுத்தது."

"வைகாசியில சைபர்" என்றாள் கௌசலா.

நாலு. மகள் நாலு எடுத்துக்கொண்டு வந்திருந்தால் அன்றைக்குச் சோறு இருந்திருக்காது. இரஞ்சிதம் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணைத் துடைக்கச் சேலைத் தலைப்பைத் தேடினாள்.

"லான்ட்மாஸ்டர்?" என்று அவளே கேட்டாள், அவர் கேட்கக் கஷ்டப்படுவார் என்று.

"இந்தப் போகம் வேண்டாம். தையில வாங்கோ, பாப்பம். குளிசையை ஒழுங்காப் போடுங்கோ. வீட்டில எதையும் பாடமாக்கலாம், தேவாரமோ, வீட்டுச் சாமான் லிஸ்டோ. எங்கட லிஸ்டை மட்டும் விட்டிடுங்கோ."

"உழவுக்குப் பக்கத்து வளவு ரூபனைக் கூப்பிடுவம்" என்றாள் இரஞ்சிதம். "இவர் வரம்பில நிண்டு அவனை ஏசட்டும்."

"அவனுக்கு மூலை உழத் தெரியாது" என்றார் ஐயாத்துரை உடனே. "ஏசத்தான் வேணும்."

கௌசலா தைமாதத் தவணைத் துண்டை எழுதி இரஞ்சிதத்திடம் நீட்டினாள். ஐயாத்துரை இடையில் கையை விட்டு வாங்கிக்கொண்டார். அதை வாசித்தார், திரும்பவும் வாசித்தார். கதவடி வரை போனவர் நின்றார்.

"பிள்ளை, நான் விட்ட அந்த ஆறும் என்ன?"

"ஐயோ, அதைச் சொல்லக் கூடாது ஐயா."

"சரி, சொல்லாதேங்கோ" என்றார் ஐயாத்துரை. மனைவியைக் கடைக்கண்ணால் பார்த்தார். "இவா நிக்கேக்க வாயே திறக்காதேங்கோ."