பின்சில்லு ரியூப்

நான்கு மணிக்குள் தண்ணீர் மேலே கட்டியிருந்த வாளிக்கு ஏறவேண்டும். ஏறாவிட்டால் அடுத்த கிழமை பொறியியல் முதலாம் வருடப் பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்குப் போக, இந்த மூவர் குழு மட்டும் பட்டறையில் நின்று, தாங்கள் செய்த நீர்ப்பம்பியைக் கழற்றி முதலிலிருந்து பூட்டவேண்டும். மணி மூன்றரை.

மோட்டர் சுழன்றது. தொட்டித் தண்ணீர் குழாயில் ஒரு முழம் ஏறி, கிளுகிளுத்து, இறங்கிப்போனது.

“மோட்டர் காணாது. பெரிசு வேணுமெண்டு நான் அண்டைக்கே சொன்னனான்,” என்றான் அனோஜன்.

“மோட்டருக்குக் கணக்குப் போட்டதே நீர்தானே!” என்றாள் நிரோஜா.

தனுஷா அறிக்கைக் கொப்பியில் நேரத்தைக் குறித்தாள். கையெழுத்து வடிவாக இருக்கிறதென்று சொல்லி அறிக்கை எழுதும் வேலையை அவளிடம் தள்ளியிருந்தார்கள். இரண்டு கிழமையாக ஒரு திருகாணியைக்கூட அவள் தொட்டதில்லை. ஆனால் அந்தக் கிளுகிளுப்பு அவளுக்குத் தெரியும். அவளுடைய ஊரான ஜெயபுரத்தில் வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற மெஷின் அப்படிச் சத்தம் போட்டால் அப்பா மெஷினைப் பார்க்கமாட்டார். குழாய்ப் பொருத்தைத்தான் தடவுவார்.

“பொருத்தில காத்து இழுக்குது,” என்றாள், கொப்பியைப் பார்த்தபடி.

“என்ன?” என்றான் அனோஜன்.

சொல்லி விளங்கப்படுத்த அவளுக்குப் பொறுமையில்லை. கொப்பியை வைத்துவிட்டு, ஒட்டுநாடா சுற்றிய பொருத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பொத்தினாள். விறுவிறென்று ஏறிய தண்ணீர் வாளிக்குள் சளாரென்று விழுந்தது.

“ஐயோ, ஏறுதடி!” நிரோஜா துள்ளினாள்.

விரிவுரையாளர் விமலேஸ்வரி பக்கத்து மேசையிலிருந்து வந்தார். “நல்லம். இப்ப கையை எடும் பிள்ளை.”

எடுத்தாள். தண்ணீர் இறங்கியது.

“வரைபடத்தில இந்தக் கையையும் கீறினனீங்களோ?”

பட்டறையே சிரித்தது. ஈரத்தில் ஒட்டுநாடா இனி ஒட்டாது. தனுஷா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு சைக்கிள் தரிப்பிடத்துக்கு ஓடினாள். தன் சைக்கிளின் பின்சில்லு ரியூப், ஏற்கெனவே ஐந்து ஒட்டுப் போட்டது. பின்சக்கர ரயரை நெம்பி அதை உருவத் தொடங்கினாள். பின்னால் ஓடிவந்த அனோஜன் திகைத்து நின்றான்.

“விசரோ உமக்கு? ஹொஸ்ரலுக்கு எப்படிப் போவீர்?”

“நீர் உருட்டுவீர். இந்தப் பக்கத்தைப் பிடியும்!”

தன் குரல்தானா அது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

நீளக் கீலமாக வெட்டிய றப்பரைப் பட்டறைக்குக் கொண்டுவந்து, பொருத்தைச் சுற்றி, அப்பா கட்டுவதுபோல ஒவ்வொரு சுற்றையும் பல்லைக் கடித்து இழுத்துக் கட்டினாள். நான்கு மணிக்கு இன்னும் இரண்டு நிமிடம். அனோஜன் சுவிட்சைப் போட்டான். கிளுகிளுப்பு இல்லை. ஒரே இரைச்சல்.

“கையை எடும்,” என்றார் விமலேஸ்வரி.

“எடுத்திட்டன் மிஸ்!” தனுஷா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். தண்ணீர் நிற்காமல் விழுந்தது; வாளி நிரம்பி வழிந்து அறிக்கைக் கொப்பியையும் நனைத்தது.

அனோஜன் கொப்பியை உதறினான். “சரி, அறிக்கையை இனி நான் எழுதுறன். சைக்கிளையும் உருட்டுறன். அந்த றப்பரை எப்பிடிக் கட்டினதெண்டு மட்டும் இன்னொருக்கால் காட்டும்.”