அண்ணன் கையில் ஒரு வாசம், தம்பி கையில் ஒரு வாசம்

என் அண்ணன் திரிலோகியும் தம்பி ராஜ்கிஷோரும் நான்கு வருடம் பேசிக்கொள்ளவில்லை. சொத்துத் தகராறு கிடையாது. பெண்டாட்டிகள் மூட்டிவிட்டதும் கிடையாது. அவர்கள் மனைவிமார் இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள். சண்டை மூண்டது ஒரு மணிக்கட்டு வாசத்துக்காக.

நாங்கள் கன்னோஜில் அத்தர் காய்ச்சுகிற குடும்பம். முன்னால் கடை, நடுவில் வீடு, கொல்லையில் உலைகள். நான் நடுவில் பிறந்தவள், சத்யவதி. பெண்கள் பள்ளியில் பூகோளம் நடத்துகிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதனால் அதே வீட்டு மாடியில்தான் இருக்கிறேன்.

அப்பா இருந்தவரை ஷமாமா அவர் பொறுப்பு. அது குளிர்கால அத்தர். கல்பாசி, ஜடாமாஞ்சி, ஏலம், கிராம்பு, ஜாதிக்காய், குங்குமப்பூ என்று நாற்பத்தொரு சரக்கு. எல்லாம் செப்பு அண்டாவில் கொதித்து, ஆவி போய்ச் சந்தன எண்ணெயில் இறங்க வேண்டும். அப்பா காலமான பிறகு வந்த முதல் குளிரில் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு அண்டா ஏற்றினார்கள். பட்டியல் ஒன்றுதான், அப்பா கைப்பட எழுதியது. எண்ணெய் இறங்கிய அன்று அவரவர் சரக்கை அவரவர் மணிக்கட்டில் தடவிக்கொண்டு, மதியம் சாப்பிட்ட பின் ஒருவர் கையை ஒருவர் மோந்து பார்த்தார்கள். வினை அங்கே ஆரம்பித்தது.

"என்னடா இது, அல்வாக் கடை மாதிரி மணக்குது? குங்குமப்பூவை அள்ளிக் கொட்டிட்டியா?" என்றான் அண்ணன்.

"உங்க கை மட்டும் என்னவாம்? கிராம்பும் பழைய பீரோவும் சேர்ந்த வாசம். அப்பா மேல இப்படியா வந்துச்சு?"

"அப்பா மேல வந்தது இதுதான்."

"அது இல்ல. இதுதான்."

"பட்டியலைப் படிக்கத் தெரியாதவன் அண்டாவைத் தொட்டா இப்படித்தான்."

அவ்வளவுதான். அன்று நின்றது பேச்சு.

வேடிக்கை என்னவென்றால், கடையில் உட்கார்ந்து இருவரும் வாடிக்கையாளர்களுக்குத் தினமும் சொல்வது இதைத்தான்: "குப்பியில ஒரு வாசம், தோல்ல ஒரு வாசம்ங்க. இப்ப வாங்காதீங்க. தடவிக்கிட்டுப் போயிட்டு சாயங்காலமா வாங்க." ஒரு தடவை ஒரு தாயும் மகளும் ஒரே ரோஜா அத்தரைத் தடவிப் பார்த்தார்கள். தாயின் கையில் அது தேனாக இனித்தது. மகளின் கையில் பச்சை இலையைக் கசக்கியதுபோல் கசந்தது. அந்தப் பெண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது. கடையின் ஒரு மூலையிலிருந்து அண்ணனும் மறு மூலையிலிருந்து தம்பியும், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், தோலின் சூடு, எண்ணெய்ப் பசை, சாப்பாடு என்று அவளுக்கு அரைமணி நேரம் விளக்கினார்கள். தன் கையும் தோல்தான் என்பது மட்டும் இருவருக்கும் தோன்றவில்லை. மற்றவன் எண்ணெயைத் தன்மேல் தடவிப் பார்க்கலாம் என்றும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் தடவியிருக்க மாட்டார்கள்.

நடுவில் தூது போனவள் நான்.

"சத்யா, அவன்கிட்ட சொல்லு. சந்தன எண்ணெய் தீரப்போகுது."

அவன் ஐந்தடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பான்.

"அக்கா, எனக்குக் காது நல்லாவே கேக்குதுன்னு அவர்கிட்ட சொல்லு."

மூன்றாவது குளிரில் ஒரு விபத்து நடந்தது. ராஜ்கிஷோர் அண்டாவை ஏற்றிய இரண்டாம் நாளே டைஃபாய்டு வந்து படுத்துவிட்டான். உலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் தன் சித்தப்பா மகன் நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டு மறுநாள்தான் வந்தான். தண்ணீர் வற்றி, நாற்பத்தொரு சரக்கும் அடியில் கரியாகிக் கிடந்தது. இறங்கியிருந்த எண்ணெயில் தீய்ந்த ரொட்டி வாடை. ராஜ்கிஷோரின் மனைவி ஊர்மிளா அடுக்களையில் உட்கார்ந்து அழுதாள்.

"எழுந்து வந்து கேட்டா நான் என்ன சொல்றது அக்கா? எலும்பும் தோலுமா கிடக்கார். இதைக் கேட்டா திரும்பப் படுத்துடுவார்."

என் அண்ணி விமலேஷ் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அழாத. எங்க வீட்டுக்காரர் சரக்கு ரெண்டு தோல் குப்பி நிறைய இருக்கு. ஒண்ணை உன் குப்பியில ஊத்திடலாம்."

"மாமாவுக்குத் தெரிஞ்சா?"

"அவருக்கு மூக்குதான் பெருசு. கண்ணு அவ்வளவா இல்ல. சத்யா, நீ அந்தப் புனலைப் பிடி."

புனலைப் பிடித்தேன். நான் பள்ளிக்கூட வாத்தியார், பிள்ளைகளுக்கு நேர்மையைப் பற்றி வாராவாரம் பேசுகிறவள். என்ன செய்வது, புனல் என் பக்கத்தில் இருந்தது. தீய்ந்ததை உலைச் சாம்பலோடு கொல்லையில் புதைத்தோம்.

இரண்டு வாரம் கழித்து ராஜ்கிஷோர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தான். முதல் வேலையாகக் குப்பியைத் திறந்து மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்தான். வெயிலில் உட்கார்ந்து அது பிரியும்வரை காத்திருந்து மோந்தான்.

"பாத்தியா அக்கா? நான் படுத்துக் கிடந்தும் கைமணம் போகல. இந்தத் தடவை அப்பாவோட ஷமாமா அப்படியே இறங்கியிருக்கு."

அந்தப் பக்கம் போன அண்ணன் காற்றை ஒரு முறை இழுத்தான்.

"சத்யா, அவன்கிட்ட சொல்லு. போன தடவையை விட மோசம். அல்வாவுல இப்ப நெய்யும் கூடிப்போச்சு."

அடுக்களையில் இரண்டு பெண்கள் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு சுவரோடு சரிந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

இந்தத் தை மாதம் அண்ணன் மகள் பாவ்னாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை எட்டாவா ஊர்க்காரர். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை ஊர்வலம் வாசலுக்கு வந்ததும் ஒவ்வொருவர் கையிலும் அத்தர் தடவி வரவேற்க வேண்டும். குளிர்காலம், ஆகவே ஷமாமா. யாருடைய ஷமாமா என்பதில் வீடு இரண்டுபட்டது.

"என் பொண்ணு கல்யாணத்துல அல்வா வாசத்தோட ஆளுங்க சுத்தக்கூடாதுன்னு அவன்கிட்ட சொல்லு."

"அவளுக்கு நடக்கக் கத்துக்கொடுத்தது நான். கிராம்பை மென்னு துப்பின மாதிரி என் சம்பந்திங்க மணக்கக்கூடாதுன்னு நீ அவர்கிட்ட சொல்லு அக்கா."

பாவ்னா கான்பூரில் மருந்தியல் படித்தவள். ஒரு வாரம் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எட்டாம் நாள் என்னைக் கூப்பிட்டாள்.

"அத்தை, இனிமே நீங்க தூது போகவேண்டாம். புதுச் சரக்கு வேண்டாம், ரெண்டு பேரோட ரெண்டு வருஷம் பழகின குப்பியையும் கொண்டாங்க. ஒரு கையில ஒண்ணு, இன்னொரு கையில ஒண்ணு. எந்தக் கை யாருதுன்னு அம்மாவுக்கு மட்டும் தெரியட்டும். சாயங்காலம் நான் சொல்றதுதான் தீர்ப்பு."

இருவரும் ஒத்துக்கொண்டார்கள். தோற்கப்போவது மற்றவன் என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை.

காலை எட்டு மணி. கொல்லையில் மூடுபனி இன்னும் கலையவில்லை. விமலேஷ் அண்ணி இரண்டு மணிக்கட்டிலும் தடவினாள். அதற்குப் பிறகு பாவ்னா எதையும் தொடக்கூடாது என்று உத்தரவு. கச்சோரியைக்கூட அம்மா ஊட்டிவிட்டாள்.

முதலில் கிராம்பும் ஏலமும் மூக்கில் குத்தின. பத்து மணிக்கு அந்த முனை மழுங்கி, மருதாணிப் பூவும் குங்குமப்பூவும் மேலே வந்தன. ஷமாமாவின் குணம் அது. முதலில் முகத்துக்கு நேரே வந்து சத்தம் போடும், பிறகு பக்கத்தில் உட்கார்ந்து மெல்லப் பேசும். நண்பகலில் ஜடாமாஞ்சி எழுந்தது, ஈரமண்ணிலிருந்து பிடுங்கிய வேர்போல. அதன் பின்னால் கல்பாசி.

அரைமணிக்கொரு தடவை அண்ணன் ஏதோ தேடுகிறவன்போல வருவான். இடது கையை மோந்து, "இதுதான் நம்மது. சந்தேகமே இல்ல" என்று தலையாட்டிவிட்டுப் போவான். அவன் போனதும் தம்பி வருவான். அவனும் இடது கையை மோந்து, "இது நம்மதுதான்" என்பான். மதியத்துக்கு மேல் இருவரும், தனித்தனியாக வந்து, வலது கைக்கு மாறினார்கள். கையை நீட்டி நீட்டி வலித்ததுதான் மிச்சம் என்று பாவ்னா பிறகு சொன்னாள்.

நாலரை மணிக்கு எல்லோரும் முற்றத்தில் கூடினோம். இரண்டு கையிலும் சந்தனம் மட்டும் தங்கியிருந்தது, உடம்பின் சூட்டோடு கலந்து.

"ரெண்டும் ஒண்ணு" என்றாள் பாவ்னா.

"ஒண்ணுன்னா?" என்றான் அண்ணன்.

"ஒண்ணுன்னா ஒண்ணுதான்ப்பா. ஒரே எண்ணெய். காலையிலேருந்து இதுவரைக்கும் ஒரு இழை வித்தியாசம் கிடையாது."

அண்ணன் முகம் சிவந்தது. சட்டென்று தம்பி பக்கம் திரும்பினான்.

"கேட்டியாடா இவ பேசறதை?"

"கேட்டேன்ணே. நாலு வருஷம் மருந்துக் கடுதாசியைப் படிச்சுப் படிச்சு மூக்கே செத்துப்போச்சு இவளுக்கு."

"நம்ம வீட்டுல பொறந்தவளா இவ?"

"அதான் நானும் யோசிக்கறேன்."

நடுவில் தூது இல்லாமல் பேசிவிட்டது பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. ஒருவன் தூணைப் பார்த்தான், ஒருவன் செருப்பைப் பார்த்தான்.

பாவ்னா அவகாசமே கொடுக்கவில்லை. இரண்டு குப்பியையும் எடுத்து வந்து, தன் அப்பாவின் ஸ்வெட்டர் கையை மேலே தள்ளி, சித்தப்பாவின் எண்ணெயைத் தடவினாள். சித்தப்பா கையில் அப்பாவின் எண்ணெய். "அரைமணி நேரம் அசையக்கூடாது" என்று இருவரையும் ஒரே கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்தாள். ஊர்மிளா இஞ்சி டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

அரைமணி கழித்து அண்ணன் தன் கையை மோந்தான். மறுபடி மோந்தான்.

"இது என்னோடதாச்சே."

"சித்தப்பா குப்பிப்பா அது."

ராஜ்கிஷோரும் தன் கையை மோந்தான். பிறகு அண்ணன் கையைப் பிடித்து இழுத்து மோந்தான். அண்ணன் இவன் கையை மோந்தான். ஒருவன் மேல் கிராம்பும் பழைய மரமும். மற்றவன் மேல் குங்குமப்பூவும் நெய்யும். நான்கு வருடத்துக்கு முன்பு வந்த அதே வாசம், எண்ணெயை மாற்றிய பிறகும். கடையில் ஆயிரம் பேருக்குச் சொன்ன பாடம் அப்போதுதான் சொன்னவர்களுக்கு எட்டியது.

ஆனால் ராஜ்கிஷோர் தொழில்காரன். அவன் நெற்றி இன்னும் சுருங்கியே இருந்தது.

"ஒரே பட்டியல் சரி. ஆனா அண்டா வேற, தீ வேற, ஆள் வேற. ஒரு இழை வித்தியாசம்கூட இல்லாம எப்படிண்ணே வரும்? வரவே வராது. இது ரெண்டும் ஒரே அண்டாவுல இறங்கினது."

அவன் ஊர்மிளாவைப் பார்த்தான். ஊர்மிளா விமலேஷ் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி என்னைப் பார்த்தாள். எனக்குப் பார்க்க ஆள் இல்லாததால் துளசிச் செடியைப் பார்த்தேன்.

அண்ணிதான் சொன்னாள். தீய்ந்தது, ஊற்றியது, புதைத்தது எல்லாம். புனல் பிடித்தது யார் என்பதையும் விடாமல் சொன்னாள்.

"அப்ப ரெண்டு வருஷமா நான் அருமை அருமைன்னு சொன்னது இவர் சரக்கையா?" என்றான் ராஜ்கிஷோர்.

அண்ணனுக்கு வெற்றிச் சிரிப்பு பாதி வந்துவிட்டது. அது அப்படியே நின்றது.

"அப்ப ரெண்டு வருஷமா நான் மோசம் மோசம்னு சொன்னது என் சரக்கையா?"

பாவ்னாதான் முதலில் சிரித்தாள். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை.

ராஜ்கிஷோர் மட்டும் எழுந்து கொல்லைப்பக்கம் போனான். சிறிது நேரம் பொறுத்து அண்ணனும் போனான். நான் ஜன்னலருகே நின்றேன். ஒட்டுக்கேட்பது நான்கு வருடப் பழக்கம்.

"என்னோடது முழுசாத் தீஞ்சு போச்சாண்ணே?"

"அதுக்கு நீ என்னடா பண்ணுவே. காய்ச்சல்ல கிடந்தே. நான் அஞ்சடி தள்ளி இருந்தேன். எட்டிப் பாத்து தீயைத் தணிச்சிருக்கலாம். பாக்கல."



"அந்த ஆள் நிச்சயதார்த்தத்துக்குப் போனதை நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன். உன் உலை, எனக்கென்னன்னு இருந்துட்டேன்."

அந்தப் பதில் எனக்கும் புதிது. ராஜ்கிஷோர் திட்டுவான் என்று நினைத்தேன். அவன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "குளிருது, உள்ள வாங்க" என்றான்.

உள்ளே வந்ததும் இருவரும் கையை நீட்டிக்கொண்டு என் முன்னால் நின்றார்கள்.

"நீயே சொல்லு அக்கா. அப்பா மேல எது வந்துச்சு?"

இரண்டையும் மோந்தேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன்.

"ரெண்டும் இல்ல. அப்பா நாள் முழுக்கப் புகையிலை போடுவார். அவர் மேல ஷமாமா எப்பவும் புகையிலையோட சேர்ந்துதான் வந்துச்சு."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"புகையிலை பட்டியல்ல இல்லையே" என்றான் அண்ணன், குழந்தைமாதிரி.

கல்யாணத்தன்று மேளத்தோடு ஊர்வலம் வாசலுக்கு வந்தது. அண்ணனும் தம்பியும் ஒரே குப்பியை வைத்துக்கொண்டு நின்றார்கள். மாப்பிள்ளையின் தாத்தா, தலைப்பாகை கட்டிய பெரியவர், தடவிய கையை மோந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"உங்க ரெண்டு பேர்ல யார் காய்ச்சினது இது?"

"ரெண்டு பேரும் சேர்ந்து காய்ச்சினோம்" என்றான் அண்ணன். சுத்தப் பொய். ராஜ்கிஷோர் அதைத் திருத்தவில்லை. குனிந்து பெரியவரின் இன்னொரு கையைப் பிடித்து ஒரு சொட்டு வைத்தான்.

"அவ்வளவு வைக்காதடா, வயசானவரு, மூச்சு முட்டும்" என்றான் அண்ணன்.

"நீங்க வச்சது காணாதுண்ணே. பாருங்க, இவர் தோல் காஞ்ச தோல், உறிஞ்சிடும்."

"உனக்கு ரொம்பத் தெரியும்."

தாத்தா இரண்டு கையையும் நீட்டியபடி நடுவில் நின்றார். பின்னால் ஊர்வலம் முழுவதும் பனியில் காத்துக்கொண்டிருந்தது.